பேனாவின் அழுத்தம்

யேரின்,

அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். பழக்கத்தில் மூன்று பேருக்கு. முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கணினியைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

"அத்தான், பேனா பட்டாலே கோடு தடியா ஓடுது, மாத்திக்கிறேன்" என்று நேற்று நீ சொன்னதற்குக் கத்திவிட்டேன். உன் அக்காவின் கை நோயில் தளரத் தளர, நான்தான் கணினியோடு இணைந்த அவளுடைய வரைபலகையில் பேனாவின் அழுத்த அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். உன் கைக்கு அது ஆகாது. அவள் விட்டுப்போன சித்திரக்கதைத் தொடரின் கடைசி அத்தியாயத்தை நீதான் வரைந்தாக வேண்டும். அமைப்புகளில் போய்க் கூட்டிக்கொள். நான் வருவதற்குள் செய்துவிடு.

அத்தான்

ஏன் கத்தினேன் என்று கேட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில்கூடக் குறைத்துக் கொடுத்தேன். ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு: "இப்பதான் என் கை மாதிரி இருக்கு. இனி இதை யாரும் மாத்தாதீங்க."