விழுந்து புரள்கிறவர்கள்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் மாப்பிள்ளை போனில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நம்பாதே.

டிவியில் ஒரு கால்பந்து ஆட்டக்காரன் தோளில் காற்றுப் பட்டதற்கே விழுந்து புரண்டான். "எங்க காலத்துல கால் ஒடிஞ்சாலும் நொண்டிக்கிட்டே ஆடுவோம்" என்றேன். மாப்பிள்ளை பேரனின் பந்தை ஹாலில் உருட்டி, "எங்கே மாமா, எங்கிட்டேருந்து பறிங்க பாப்போம்" என்றார். அந்தக் காலத்துத் தடுப்பாட்டக்காரன் விடுவேனா? சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைப் பறித்துவிட்டேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கால் சோபாவில் மோதியதைத்தான் ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் வந்தபோது, "நொண்டிக்கிட்டே வரீங்களா மாமா?" என்று கேட்டார். நல்ல மாப்பிள்ளை பார்த்தாய்.

நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. கால்பந்து பற்றித்தான் எழுதுகிறேன். இந்தக் காலத்து ஆட்டக்காரர்களை நான் தப்பாக நினைத்துவிட்டேன். அவர்கள் வலிக்காக மட்டும் புரள்வதில்லை. புரண்டால் யாராவது ஓடி வருவார்கள்.

மாவுக்கட்டோடு என்னால் புரள முடியவில்லை. அதனால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹாலில் படுத்திருக்கும் உன் வீட்டுக்காரன்