முதல் பெட்டியைப் பிரிக்காதே

விஸ்கான்சின்
மார்ச் 11

அன்பு மகள் மாரிட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அறுபத்து மூன்று மாடுகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை மத்தேயோவும் கைக்குழந்தை ஓபலும் சுகமா என்று போனில் கேட்கலாம் என்றால் ஒன்பது நாளாக நீ எடுக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலில் அவசரச் செய்தி. நான் அனுப்பிய பழுப்புப் பெட்டி இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ டூசானில் உன் வீட்டுக்கு வந்து சேரும். அதில் இருப்பதைத் தின்னாதே, பிரிக்கவே பிரிக்காதே, மாப்பிள்ளை போனுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், மானம் மிச்சமிருக்கும்போதே மற்றதை எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நீ போனில், பிள்ளை உண்டாவதற்கு முன்னால் இருந்ததைவிடப் பன்னிரண்டு பவுண்டு குறைந்துவிட்டேன், படியேறினால் தலை சுற்றுகிறது, பால் குறைகிறது, நர்ஸ் தினமும் ஐந்நூறு கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறாள் என்றாய். கறி, முட்டை, பால் நீ தொடமாட்டாய், கோதுமையும் பார்லியும் உன் குடலுக்கு ஆகாது, “இலையும் தழையுமா எவ்வளவுதாம்ப்பா மெல்லுறது” என்று அழுதாய். அழுகிற பெண்ணிடம் ஒரு அப்பன் சொல்ல எத்தனையோ இருக்கிறது. நான் சொன்னது, “இருநூத்துப் பதினாலாம் நம்பரும் கன்னு போட்டதும் இப்படித்தாம்மா விலா எலும்பு தெரிய இளைச்சுது, தீவனத்தை மாத்தினோம், சரியாப் போச்சு.” நீ போனை வைத்துவிட்டாய். அம்மா கரண்டியோடு வந்து, “பெத்த பொண்ணை மாட்டோட வச்சுப் பேசுற மனுஷன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான், அதுவும் நம்பர் போட்டு” என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்கு அவள் காப்பி போடவில்லை.

நான் என்னம்மா செய்வேன், நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த பால் கொடுக்கும் ஜீவன்கள் எல்லாம் காதில் மஞ்சள் நம்பர் அட்டை மாட்டியவை. இருந்தாலும் வீம்புக்கு, நீ ஒரு நாளில் சாப்பிடுவதாகச் சொன்னதை நான் மூன்று நாள் சாப்பிட்டுப் பார்த்தேன். காலையில் நாலு பழத்துண்டு, பகலில் ஒரு வாளிக் கீரை, சாயங்காலம் வெள்ளரியும், அட்டை மாதிரி இருந்த அரிசிப்பொரி வில்லையும். வயிறு முட்டியது, பசி தீரவில்லை. மூன்றாம் நாள் டிராக்டரில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன், நல்லவேளை அதை இன்னும் கிளப்பவில்லை. பிறகு நம் மாடுகளுக்குத் தீவனக் கணக்குப் போட வருகிற கிளேட்டனிடம், யாருடையது என்று சொல்லாமல் உன் சாப்பாட்டைப் பட்டியலாக எழுதிக் காட்டினேன். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, “இது வெறும் வைக்கோல்தானேய்யா டுவேன், வயித்தை ரொப்பும், மடியை ரொப்பாது. கொட்டையும் எண்ணெயும் சேருங்க. பாவம், எந்த மாடு இது?” என்றான். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே கண்ணு, கீரையை விடச் சொல்லவில்லை, அதன் மேல் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்று. அவகேடோ அரை போதாது, முழுசு. சோறு, உருளைக்கிழங்கு, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் நீ சாப்பிடலாமே, ஏன் பறவை மாதிரிக் கொறிக்கிறாய்? வேர்க்கடலை வெண்ணெயை டப்பாவிலிருந்தே கரண்டியால் தின்னு, அம்மா அங்கே பார்க்கப் போவதில்லை. ஓபல் பால் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் உன் கைக்கெட்டும் இடத்தில் தின்ன ஏதாவது இருக்கட்டும், பெரிய டம்ளரில் தண்ணீரும். கறவைக்கு வந்து நிற்கிற மாட்டுக்கு முன்னால் நாங்கள்... சரி, அது வேண்டாம். பி12 மாத்திரை தவறாதே, தலைசுற்றலை டாக்டரிடம் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்.

இனி அந்தப் பெட்டி. நம் சர்ச் விருந்தில் தட்டுத் தட்டாக அடுக்குவார்களே இனிப்புக் கட்டி, அதை உனக்கு ஏற்ற மாதிரி செய்தேன். பேரீச்சை, வாதுமை, உன் குடலுக்கு ஆகும் என்று அச்சடித்த விலை கூடின ஓட்ஸ், கட்டிக்கு நானூறு கலோரி, மொத்தம் நாற்பது கட்டி. அம்மாவின் மிக்ஸி இரண்டாம் சுற்றிலேயே புகைந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் கொட்டகைக்குத் தூக்கிப்போய் அங்கே இருக்கிற எந்திரத்தில் அரைத்தேன். கழுவித் துடைத்துவிட்டுத்தான் அரைத்தேன். தபாலில் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சொன்னால் அம்மா, “அந்த எந்திரத்துல தினமும் என்ன அரைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டாள். பார்லி. இருபது வருஷமாகப் பார்லி. ஒரு சிட்டிகை மாவு பட்டாலே நீ ஒரு வாரம் படுத்துவிடுவாய், எனக்குத் தெரியும், தெரிந்தும் இந்தக் காரியம் செய்தேன். உன்னைத் தேற்ற நினைத்து நானே உன்னைச் சாய்த்திருப்பேன். இந்தக் கடிதத்தோடு வருகிற இரண்டாவது பெட்டி, நீல நாடா ஒட்டியது, அம்மா புது மிக்ஸியில் செய்தது. என்னைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. அதைப் பயமில்லாமல் தின்னு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு வயதில் நீ கன்றைத் தாயிடமிருந்து கொண்டுபோகக் கூடாது என்று கொட்டகை வாசலில் குறுக்கே படுத்தாய், அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இத்தனை கஷ்டத்திலும் நீ பிள்ளைக்குப் பால் கொடுப்பதை விடாமல் இருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் முடியவில்லை என்றால் புட்டிப்பால் கொடு, யாருக்கும் நீ சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. ஓபலுக்கு வேறு பால் கிடைக்கும். எனக்கு வேறு மகள் கிடையாது.

மூன்று பேரும் வயிறு நிறைந்து, நோய்நொடி இல்லாமல், நன்றாக இருங்கள். பழுப்புப் பெட்டி குப்பைக்கு, மறக்காதே. பதில் எழுதும்போது ஓபலின் எடையை எழுத வேண்டாம், அதை மாப்பிள்ளை தினமும் படம் பிடித்து அனுப்புகிறார். உன் எடையை எழுது.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா டுவேன்