நாலு பக்கமும் ஒட்டிய லைட்டர்

செப்டம்பர் 3, புதன்

லீவு கிடைத்துவிட்டது! பதினெட்டாம் தேதியிலிருந்து முழுசாக நாலு நாள்! கால் தரையில் பாவவில்லை. வருஷத்தில் இந்த நாலு நாள்தான் அக்காவும் நானும் சேர்ந்திருப்பது. முதுகில் பை, காலுக்கடியில் மலைப்பாதை, துணைக்கு மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். குரலில் சுரத்தே இல்லை. "வர்றேன்டி. ஆனா போன வருஷம் மாதிரி சுடுதண்ணிகூட இல்லாம நடுங்க வச்சேன்னா, இதோட சரி. இனிமே என்னைக் கூப்பிடாதே."

போன வருஷம் லைட்டர் என் பொறுப்பு. பேன்ட் பாக்கெட்டில் போட்டு மழையில் நடந்தேன். பொறிகூட வரவில்லை. மூன்று பேரும் நூடுல்ஸை வேகவைக்காமல் கடக் முடக்கென்று கடித்தோம். மாமா அன்றிலிருந்து என்னை 'தண்ணி லைட்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த முறையும் லைட்டர் என்னிடம்தான். சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

ராக்கெட் விஞ்ஞானியா வேண்டும் இதற்கு? என் வேலையே ஈரத்தைத் தடுப்பதுதானே! பதினோரு வருஷமாக மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளை நீலத் தண்ணீரில் முக்கி, உள்ளே ஒரு சொட்டு புகுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எனக்கா ஒரு லைட்டரைக் காப்பாற்றத் தெரியாது?

பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் சின்னக் கை மெஷின் வாங்கிவந்தேன். லைட்டரைத் துணியில் இறுக்கிச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று சேர்த்து, கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்ட்ராவால் காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டினேன். அதற்கு மேல் இன்னொரு உறை. அழகு! கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பொட்டலம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது!!

துணியை இறுக்கிச் சுற்றியதில் கேஸ் பொத்தான் அழுந்தி, உள்ளே இருந்த கேஸ் முழுக்க வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, அடுப்புப் பக்கம் போகாமல் பால்கனியில் வைத்து வெட்டினேன். போனில் மாமாவிடம் சொன்னது என் தப்பு. "தண்ணி லைட்டர் இப்ப பலூன் லைட்டர் ஆயிடுச்சா?" பக்கத்திலிருந்து அக்கா சிரிக்கும் சத்தமே கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

செப்டம்பர் 8, திங்கள்

புது லைட்டர் வாங்கி, ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, பொத்தானுக்கு அடியில் செருகிவிட்டேன். இனி எவ்வளவு அழுந்தினாலும் கேஸ் வராது. ஆகா!

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் வாளியில் துணி நீலத்தைக் கரைத்து, பொட்டலத்தைக் கல் வைத்து முக்கிவிட்டு வேலைக்குப் போனேன். நாள் பூரா மனசு வாளியிலேயே. சாயங்காலம் வந்து கத்தரிக்கோலால் வெட்டினால் — ஒரு துளி நீலம் இல்லை. துணி மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது. ஒரே தட்டில் பற்றிக்கொண்டது! சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டேன். கீழ்வீட்டுக்காரர் தட்டிக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்றார். "பாஸாயிட்டேன்" என்றேன். வாழ்த்திவிட்டுப் போனார், பாவம்.

புதிதாக ஒன்று செய்து பைக்குள் வைத்துவிட்டேன். துணி சுற்றவில்லை, பதிலுக்கு மூன்று உறை. நாலு பக்கமும் இரட்டை ஒட்டு.

செப்டம்பர் 19, வெள்ளி — கூடாரத்துக்குள்

விரல் இன்னும் மரத்திருக்கிறது, எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும்.

மதியம் ஓடையைக் கடக்கும்போது அக்கா வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாள். அவளைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவிட்டோம், அவள் பையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. மாற்றுத் துணியெல்லாம் அதில். மாமா பையைத் துரத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார். மேலே மழை. அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கூடாரத்தை எப்படியோ நிறுத்தி, என் பையில் ஈரம் குறைவாக இருந்த துணியை அவளுக்குப் போட்டுவிட்டு, வாசலில் அடுப்பை வைத்து, பெருமையாகப் பொட்டலத்தை எடுத்தேன்.

திறக்க முடியவில்லை.

கிழிக்க ஒரு வெட்டுகூட வைக்கவில்லை நான்! எங்கள் மாத்திரை அட்டை ஒவ்வொன்றிலும் ஓரத்தில் வெட்டு உண்டு. தினமும் பார்க்கிறேன். மூடியதைச் சோதித்தே பழகியவளுக்குத் திறக்கிற ஞாபகம் எங்கே வரும்? கத்தி மாமாவிடம். என் விரல்கள் மரத்துப்போய் வழுக்குகின்றன. அழுதே விட்டேன். "ஐயோ அக்கா, மறுபடியும் சொதப்பிட்டேனே..."

"குடுடி இப்படி" என்றாள். "என் பல்லு சும்மா கடகடன்னு ஆடிக்கிட்டுதானே இருக்கு. அதுக்கு ஒரு வேலை குடு."

கடித்து இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று உறையும்!

உள்ளே சருகாகக் காய்ந்த லைட்டர். தட்டப்போனேன். "கையைத் துடைச்சுட்டுத் தொடுடி, மக்கு!" எதில் துடைக்க? எல்லாம் ஈரம். அக்கா மழைத்தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினாள். அவள் உடம்பில் காய்ந்திருந்தது அந்த முடி ஒன்றுதான். இரண்டு கையையும் அதில் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன்.

ரப்பர் துண்டைப் பிடுங்கித் தட்டினேன். பற்றிக்கொண்டது!! முதல் தட்டிலேயே!

மாமா வெறுங்கையோடு திரும்பியபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு குவளை வாங்கிக் குடித்தார். கிண்டல் ஒன்றும் பேசவில்லை. அக்கா இரண்டு குவளை குடித்துவிட்டு இப்போது குறட்டை விடுகிறாள். உதட்டில் நிறம் வந்துவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீடு. பஸ்ஸில் முழு வழியும் அக்கா என் தோளில் தூங்கினாள். அடுத்த வருஷம் பற்றி மூச்சு விடவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் அக்கா போன். "கடைக்குப் போகணும், கிளம்பி வா." எந்தக் கடை, என்ன வாங்க, எதுவும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் முதுகுப்பை விற்கிற கடை, மாமாவும் கூட! முதுகில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறாள்.

எத்தனை நாள் பயணத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார்.

"நாலு" என்றார் மாமா.

"அஞ்சு" என்றாள் அக்கா.