ஊசி குத்திய பழி

சிக்கல்
9.3.2008

அன்புள்ள மச்சானுக்கு இராமலட்சுமி எழுதுவது. இங்கே நானும் பிள்ளை செவ்வந்தியும் உயிரோடு இருக்கிறோம். பாலைவன வெயிலில் வேலை பார்க்கிற நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஊசி குத்தவிட்டேன் என்று அன்று போனில் என்னை அவ்வளவு பேச்சுப் பேசினீர்கள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பதில் பேசத் தெரியாதவள் இல்லை நான், அது உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அய்யா சாவுக்கு லீவு கிடைக்காமல் நீங்கள் வர முடியவில்லை. நடந்ததையும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை. ஆடு மேய்த்துவிட்டு வந்தவர் காய்ச்சலில் சுருண்டார். மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அத்தை பார்த்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றார். வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பை நிறுத்தினோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவோம் என்று நான் சொன்னதற்கு, "ஆத்தா இருக்கிற உடம்புல ஊசி குத்தலாமா, கோவிச்சுக்கிட்டான்னா குடும்பமே தாங்காது" என்று வழியை மறித்தார். கண் மூடாமல் கிடந்து வேப்பங்கொத்தால் விசிறியதும் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும். அப்படி விசிறிக்கொண்டிருக்கும்போதே அய்யாவின் மூச்சு நின்றது.

கருமாதி முடிந்த கையோடு செவ்வந்திக்கு அதே காய்ச்சல். அய்யா படுத்ததிலிருந்து ஆடுகளைக் கண்மாய்ப் புதர்ப்பக்கம் ஓட்டிப்போனது அவள்தான். அத்தை மறுபடி வேப்பிலை ஒடிக்கப் போனார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டரம்மா லத்தீபா பிள்ளையின் காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தார். கருகினாற்போல ஒரு பொருக்கு. உடனே விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்ன அட்டை ஒன்றில் விட்டார். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. இது அம்மை இல்லை, புதரில் பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல், அந்தப் பொருக்குதான் கடிவாய், மாத்திரைக்கே அடங்கிவிடும் என்றார். அடங்கிவிட்டது. இரண்டு மூன்று நாளில் பிள்ளை எழுந்து கருவாட்டுக் குழம்பு கேட்டாள்.

அய்யாவின் தோளிலும் அதே பொருக்கு இருந்தது, மச்சான். துண்டு போடுகிற இடத்தில். அத்தையும் பார்த்தார். பீடி நெருப்புப் பட்டிருக்கும் என்று மஞ்சள் தடவினார்.

பிள்ளைக்கு என்ன வந்தது என்று அத்தை கேட்டபோது, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஆத்தா இறங்கிய உடம்பைக் குத்தவிட்டவள் என்று தெருவெல்லாம் என்னைத்தான் சொல்கிறார். என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. எனக்கும் ஆத்திரம் வருகிறது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். பக்கத்து வீட்டுப் பூமயில் அக்காவிடம், "அவரை ஆத்தாளே கூட்டிக்கிட்டா" என்று சொல்லும்போது மட்டும் அத்தை முகம் கொஞ்சம் தெளிகிறது. அன்றைக்குத்தான் இரண்டு வாய் சோறு உள்ளே போகிறது.

ஆகவே, அடுத்த முறை பேசும்போதும் அவர் காதுபட என்னைத் திட்டுங்கள். தாங்கிக்கொள்வேன். ரத்தத்தில் தெரிந்தது மட்டும் அவர் காதுக்குப் போகவே கூடாது. என்னைத் திட்டி முடித்ததும் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "அய்யாவை நீ நல்லாப் பாத்துக்கிட்டம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் இராமலட்சுமி