மாமியாருக்குப் போகிற பெட்டி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா சுகம், பல்வலி போய்விட்டது, பழையபடி என் சமையலைக் குறை சொல்கிறார். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், அவசரப்படாமல் படி. போன வாரம் உன் மாமியார் நம் தையல் கடைக்கு வந்தார், அலுவலக விழாவுக்குப் புது உடை வேண்டுமாம். இடுப்பளவு எடுக்கும்போது என் விரல் ஒரு பேட்சில் தட்டியது. மாதவிடாய் நின்ற பிறகு வருகிற உடம்புச் சூட்டுக்கு ஒட்டிக்கொள்கிற ஹார்மோன் பேட்ச். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா, அதே பேட்ச் அந்த நேரம் என் இடுப்பிலும் இருந்தது. அவருடையது முழுசு, என்னுடையது பாதி. "உங்க பொண்ணு வேலை பாக்குற மருந்துக் கடையில விலை குறைச்சுத் தர்றாங்களாம், மாசாமாசம் அனுப்பிடுறா, தங்கமான மருமக, சம்பந்தி" என்றார். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

எட்டு மாதமாக எனக்கும் அந்தச் சூடுதான். இஸ்திரி மேசை அருகே நின்றால் ரவிக்கை முழுக்க நனைந்துவிடும், தலை கிறுகிறுத்து ஒருநாள் ஒரு சட்டையின் இடது கையை வலப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துதான் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஒரு மாதப் பெட்டிக்கு நான் இருபத்தாறு பள்ளிச் சட்டை தைக்க வேண்டும். அப்பாவிடம் விலையைச் சொல்லியிருந்தால் தன் பல் வைத்தியத்தை நிறுத்தியிருப்பார். துணி வெட்டுகிற கைதானே என்று ஒவ்வொரு பேட்சையும் சரிபாதியாகக் கத்தரித்து ஒட்டிக்கொண்டேன். நேற்று டாக்டரம்மாவிடம் உளறிவிட்டேன், "கேக்காம வெட்டக் கூடாதும்மா, இது என்ன துணியா" என்று திட்டித் தீர்த்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் மாமியார் உடையின் இடுப்பை ஓர் அங்குலம் குறைத்துத் தைத்தேன். வேண்டுமென்றேதான், விழாவில் மூச்சுத் திணறட்டும் என்று. பிறகு மனசு கேட்காமல் உட்கார்ந்து பிரித்தேன். பிரிக்கும்போது, அவர் கிளம்புகையில் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. "உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் வரவே இல்லன்னு உங்க பொண்ணு சொன்னா, குடுத்து வச்சவங்க நீங்க" என்றார். உன்மேல் தப்பில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் கேட்டாய், எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன் என்று நான்தான் சொன்னேன். அவர் வாய்விட்டுக் கேட்டார், கிடைத்தது. பெற்ற மகளுக்குச் சொல்லாமலே தெரிய வேண்டும் என்று நான் வீம்பாக இருந்துவிட்டேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். மருந்துச் சீட்டு உள்ளே இருக்கிறது. அவருக்கு அனுப்புவதை நிறுத்திவிடாதே, பாவம், அதே சூடுதான் அவருக்கும். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, இரண்டு பெட்டியையும் ஒன்றாக அனுப்பாதே. என்னுடையது ஒருநாளாவது முன்னால் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா