சபைக்குப் போகாத எலுமிச்சை

1946

ஆடி 20
விடிந்ததிலிருந்து காற்று. வாயைத் திறந்தால் மண். எலுமிச்சைக்குக் கிழிசல் சாக்கை மறைப்பாகக் கட்டினேன். முள் குத்தி விரல் வீக்கம். அறுபது காய்க்கு மேல். முதல் காய்ப்பு.

ஏழு வருஷம். மதினி சாதத்துக்குப் பிழிந்து எறிந்த பழத்தின் விதை. வழவழப்புப் போகக் கழுவி, காயவிடாமல் அன்றைக்கே மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊன்றினேன். முளைத்தது ஐந்து. கிணற்று உப்புத் தண்ணீரில் நாலு கருகியது. மிஞ்சிய ஒன்றுக்கு என் பங்கு நல்ல தண்ணீரில் பாதி. குடிப்பதைக் குறைத்தால் செத்தா போவேன்? அவர் செத்தபோதே சாகாதவள்.

ஆடி 23
வடிவுக்குக் கல்யாணம் ஆவணி 9. அண்ணன் மகள்தான். ஆனால் மூன்று வயதிலிருந்து என் பாயில் படுத்து வளர்ந்தவள். மாப்பிள்ளை ஆழ்வார்திருநகரி. மளிகைக் கடை.

மதினி: "ஏளா, மாப்பிள்ள வீட்டாருக்குச் சந்தனத்தோட ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் குடுக்கணும்லா. நம்ம மரத்துலயே கெடக்கே, வெலைக்கு எதுக்கு வாங்கணும்?"

நேற்று வரை "ஒன் முள்ளுச்செடி". இன்றைக்கு நம்ம மரம்!

இருந்தாலும் சந்தோஷம்தான். தாலி அறுத்தவள் நான் தட்டு ஏந்த முடியாது, தெரியும். தூணுக்குப் பின்னால் நின்று, வடிவு கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தால் போதும்.

ஆடி 26
அரிசி புடைத்தது. இலைப் புழு பொறுக்கியது. மஞ்சள் இடித்தார்கள், நான் தொடவில்லை. தொடக்கூடாதாம். வடிவுக்குத் தலை வாரினேன்.

வாரும்போது சொன்னாள்: "அத்தை, அன்னைக்கு மட்டும் நீங்க அடுக்களையிலேயே இருந்துக்கிடுங்க. அவுக வீட்டுல இதெல்லாம் ரொம்பப் பாப்பாகளாம்."

"அம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. நாந்தான் சொல்லுதேன்."

சிக்கெடுத்துக்கொண்டே இருந்தேன். தலையில் சிக்கே இல்லை.

மதினி சொல்லியிருந்தால் இவ்வளவு எரியாது. வடிவு சொன்னாள்.

ஆடி 28
எல்லாரும் சேலை எடுக்கப் போனார்கள். மரத்தில் ஒன்று விடாமல் பறித்தேன். நாலாக நறுக்கி, உப்புப் போட்டு, பெரிய ஜாடியில் அமுக்கி வாயைக் கட்டினேன். மனசு குளிர்ந்தது. இந்த நோட்டில் பொய் எதற்கு? நன்றாகவே குளிர்ந்தது.

சாயங்காலம் மதினி: "ஏளா! பழத்தையெல்லாம் எங்க?"

"ஜாடியில."

"கல்யாணத்துக்குன்னு சொன்னம்லா!"

"என் கையால வளத்த மரம் மதினி. அவுக ரொம்பப் பாப்பாகளாம்."

வடிவு தலை நிமிரவில்லை. அண்ணன், "விடு, கடையில வாங்கிக்கிடலாம்" என்று வெளியே போய்விட்டான்.

ஆவணி 4
ஊறுகாய்க்கு மிளகாய்ப் பொடி, வெந்தயம், நல்லெண்ணெய். வடிவுடன் பேச்சு இல்லை. அவளும் வரவில்லை. காற்று அடங்கிவிட்டது.

ஆவணி 9
அடுக்களை. கெட்டிமேளம் கேட்டபோது ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்து முடித்தேன்.

பந்திக்கு ஊறுகாய் பத்தவில்லையாம். மதினி என் ஜாடியைத் திறந்து தூக்குச்சட்டியில் அள்ளிக்கொண்டு போனாள். என்னைக் கேட்கவில்லை. கடைப் பழம் சபையில் சுற்றியது. என் பழம் இலைக்குப் போயிற்று.

ஆவணி 10
வடிவு புறப்பாடு. நல்ல நேரத்துக்கு நான் எதிரே வரக்கூடாது. அடுக்களையிலேயே இருந்தேன். அவளே உள்ளே வந்தாள். கழுத்தில் புது மஞ்சள்.

"அத்தை, எங்க மாமியாருக்கு ஒங்க ஊறுகா ரொம்பப் பிடிச்சுட்டு. ஜாடியோட கொண்டுவரச் சொல்லுதாக. வருசா வருசம் போட்டு அனுப்பணுமாம்."

"போட்டது ஆருன்னு சொன்னியா?"

"சொன்னேன். ஊறுகாதானேன்னு சொல்லிட்டாக."

அறுத்தவள் முகம் ஆகாது. அவள் போட்ட ஊறுகாய்க்குத் தோஷம் கிடையாது. என்னென்னவோ கேட்க இருந்தேன் அவளிடம். பதினைந்து நாளாகச் சேர்த்து வைத்தது.

ஜாடியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொள், வண்டி ஆடினால் உடைந்துவிடும் என்றேன். அதுதான் வாயில் வந்தது.