மூன்று பேருக்குக் குறைந்த வீடு

அனுப்புநர்:
சி. குஞ்சிதபாதம்,
கன்வேயர் ஆபரேட்டர்,
21-ஆம் வட்டம், நெய்வேலி.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
மகளிர் கல்லூரி, கடலூர்.

பொருள்: உணவியல் இரண்டாமாண்டு மாணவி கு. ஹரிணி சொந்த வீட்டிலேயே களப்பணி செய்ய அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி ஹரிணியின் தகப்பன் நான். பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. தங்கள் கல்லூரியில் இந்தப் பருவம் ‘நிலைத்த உணவுமுறை’ என்றொரு பாடம் வைத்திருக்கிறீர்கள். நாளைக்கும் இருக்கும்படி இன்றைக்குச் சாப்பிடுவதுதான் அது என்று மகள் விளக்கினாள். என் வீட்டில் இன்றைக்கு ஆக்கிய சோறு நாளைக்கும் இருக்கிறது, மறுநாளும் இருக்கிறது. ஆகவே நான் பாஸ் என்று நினைத்தேன். அது ஃபெயிலாம்.

3. இப்பாடத்துக்காக மாணவியர் ஞாயிறுதோறும் ஒரு வீட்டுக்குச் சென்று, மிஞ்சும் உணவை நிறுத்து, அதைக் குறைக்க வழி சொல்ல வேண்டும். சொந்த வீடாகவும் இருக்கலாம். ஹரிணி எங்கள் வீட்டை எழுதிக் கொடுத்தாள். மூன்று பேருக்குக் குறைந்தால் குடும்பம் ஆகாது என்று துறையில் மறுத்து, தோழி நான்சியின் குறிஞ்சிப்பாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஏழு பேர். “தட்டெல்லாம் கழுவி வெச்ச மாதிரி வருதுப்பா, எதைத்தான் நிறுக்கறது?” என்று போனில் சிரிக்கிறாள். அங்கிருந்து நெய்வேலிக்கு பஸ் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் நேராக ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட வேண்டுமாம்.

4. என் மனைவி மலர்கொடி சென்ற ஆண்டு காலமானாள். பிறகு மகளும் ஹாஸ்டலுக்குப் போனாள். அரிசி அளக்கும் டம்ளர் மட்டும் மாறவில்லை. அது மலர்கொடி வைத்த அளவு. அதை விட்டால் எனக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாது. பாதி டம்ளர் போட்டுப் பார்த்தேன். அடிப்பிடித்த புகையைக் கண்டு பக்கத்து குவார்ட்டர்ஸ் செந்தில்நாதன் ஓடிவந்தார். சுரங்கத்தில் மலை மலையாக மண்ணை நகர்த்துகிறவனுக்கு ஒரு ஆளுக்குச் சோறாக்கத் தெரியவில்லை. மிச்சத்தை வடக்குத்து கிராமத்துப் பக்கமிருந்து வரும் மாடு ஒன்று தின்கிறது. நான் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு கேட்டில் வந்து நிற்கிறது. என்னைப் பார்க்கத்தான் என்று கொஞ்ச நாள் மகிழ்ந்திருந்தேன்.

5. வீணாவதைக் குறைப்பதுதான் பாடம் என்றால், வீணாகிற வீட்டுக்கல்லவா மாணவி வர வேண்டும்? நான் ஒருவன்தான், ஆனால் மிச்சம் வைப்பதில் எந்தக் குடும்பத்துக்கும் குறைந்தவன் இல்லை. மாட்டைச் சேர்த்தால் இரண்டு. நிறுக்க வருகிற பெண்ணும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் மூன்று.

ஆகையால் என் வீட்டையும் ஒரு குடும்பமாக ஏற்று, ஹரிணியை இங்கேயே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ள செந்தில்நாதன் சம்மதித்துவிட்டார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்: அவள் வருகிற நாளில் என் வீட்டில் நிறுக்க எதுவும் மிஞ்சாது. அதற்காக அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட வேண்டாம்.

இடம்: நெய்வேலி
நாள்: 08.09.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சி. குஞ்சிதபாதம்